‘க’ ஒன்று, ஓசை பல: வீட்டிலேயே எழுத்தறிவிப்போம்

சில வருஷங்களுக்கு முன், ஏழு வயதான என் மகள் ஊரிலிருக்கும் தாத்தாவுக்குத் தமிழில் முதல் கடிதம் எழுதினாள். இரண்டே வரி. அதில் ஒரு வரி: “தாத்தா, எனக்கு பலம் அனுப்புங்க.” மறுவாரமே தாத்தாவிடமிருந்து தொலைபேசி: “குழந்தைக்கு உடம்பு சரியில்லையா? டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?” அவள் கேட்டது மாம்பழம்! அன்று வீடே சிரித்தது. ஆனால் அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதன்பின் பல நாள் தமிழில் பேனாவையே தொடவில்லை.

யோசித்துப் பார்த்தால் குழந்தை தப்பு செய்யவில்லை. காதில் விழுந்த ஓசையைத் தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதினாள். பள்ளியில் படிக்கும் இந்தியில் ழகரம் கிடையாது. வீட்டில் நாமும் “பளம்”, “வாளைப்பளம்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். பிள்ளைகளின் எழுத்துப்பிழை ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் திருத்துவது சுலபம்.

247 என்று பயமுறுத்த வேண்டாம்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இந்தக் கணக்கைச் சொன்னாலே குழந்தை ஓடிவிடும். உண்மையில் தனித்தனியாக மனத்தில் பதிய வேண்டியவை உயிரும் மெய்யும் ஆய்தமுமாக 31 வடிவங்கள். அத்துடன் துணைக்கால், கொம்பு, சுழி போன்ற சில குறிகள். கு, சு, டு, து, கூ, சூ என்று ஆளுக்கொரு விதமாய் வளையும் உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் கொஞ்சம் அதிக நாள் ஒதுக்குங்கள். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியதால் ணா, றா, னா, லை, ளை போன்றவையும் மற்ற எழுத்துகளின் வழிக்கு வந்துவிட்டன. தாத்தா வீட்டுப் பழைய புத்தகத்தில் தும்பிக்கை வைத்த ‘லை’யைப் பார்த்துக் குழந்தை திகைத்தால் இதைச் சொல்லுங்கள்.

அகர வரிசையிலேயே தொடங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அ, ட, ப, ம என்ற நான்கு எழுத்து, புள்ளி, துணைக்கால். இவ்வளவுதான் முதல் வாரப் பாடம். இதை வைத்தே அம்மா, அப்பா, பாப்பா, மாமா, படம், பாடம், பட்டம், மாடம் என்று வாசித்துவிடலாம். ‘நானே படிச்சேன்’ என்ற சந்தோஷம் முதல் வாரமே கிடைத்துவிட்டால், மீதி எழுத்துகளைக் குழந்தையே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இந்தி படித்த கண் எங்கே தடுமாறும்?

முதலாவது, புள்ளி. இந்தியில் சொல்லின் கடைசியில் வரும் அகரத்தை எழுதுவார்கள், ஆனால் உச்சரிக்க மாட்டார்கள். ‘ராம’ என்று எழுதி ‘ராம்’ என்று படிப்பார்கள். அதே பழக்கத்தில் நம் பிள்ளை ‘மரம’, ‘பால’ என்று எழுதும். “தமிழ்ல புள்ளி வெச்சாத்தான் வாய் மூடும், வைக்கலேன்னா ‘அ’ன்னு திறந்திடும்” என்று சொல்லி, ‘பால்’, ‘பால’ இரண்டையும் வாய்விட்டுப் படிக்க வையுங்கள்.

இரண்டாவது, எகர ஒகரக் குறில். இந்தியில் ஏ, ஓ என்ற நெடில்களுக்கு மட்டுமே தனி எழுத்து உண்டு. அதனால் கொடு–கோடு, தொடு–தோடு, பெறு–பேறு எல்லாம் ஒன்றாகத் தெரியும். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு என்று கை தட்டி விளையாடினால் காது பழகிவிடும். பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடு தானாகப் புரியும்.

மூன்றாவது, “அப்பா, ‘க’ இருக்கு, ‘ga’ எங்கே?” என்ற கேள்வி. இந்தியில் ககர ஓசைகளுக்கு நான்கு எழுத்து. நமக்கு ஒன்றுதான், ஆனால் இடம் பார்த்து ஓசை மாறும். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை: கல், பக்கம். மெல்லின எழுத்துக்குப் பின் அழுத்தம் குறையும்: தங்கம். இரு உயிரோசைகளுக்கு நடுவே இன்னும் மெலியும்: பகல், மகன். தகரம் பகரத்துக்கும் இதே போக்குத்தான்: தலை, பத்து, பந்து, அது, பல், அப்பம், அம்பு, கோபம். விதியாக ஒப்பிக்க வைக்க வேண்டாம். சொற்களை வரிசையாகச் சொல்ல வைத்தால் போதும். கடன்சொற்களும் பெயர்களும் இதற்கு அடங்காமல் போகலாம். அவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

பெயரிலேயே விதி

எந்த ‘ந’ என்று குழம்பும் பிள்ளைக்கு நம் முன்னோர் வைத்த பெயர்களே போதும். ட-வுக்கு முன் வருவது டண்ணகரம்: வண்டி. த-வுக்கு முன் வருவது தந்நகரம்: பந்து. ற-வுக்கு முன் வருவது றன்னகரம்: கன்று. தமிழ்ச் சொல்லின் முதலில் வருவது ‘ந’ மட்டுமே. ண, ன வராது. செந்நெல், அந்நாள் போன்ற கூட்டுச் சொற்களில் நடுவிலும் ‘ந’ வரும். அது பெரிய வகுப்புக்கு உரியது.

ல, ள, ழ மூன்றுக்கும் கண்ணாடி முன் நின்று பழக வேண்டும். நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொட்டால் ல. நாக்கை மடித்து அண்ணத்தைத் தொட்டால் ள. மடித்த நாக்கு அண்ணத்தை ஒட்டாமல் நெருங்கி நின்றால் ழ. வால், வாள், வாழ் என்று தினம் மூன்று முறை. இதில் முதல் மாணவர் பெற்றோராகிய நாம்தான்! நாம் “பளம்” என்றால் குழந்தை ‘பழம்’ என்று எழுதாது.

ர–ற இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிப்பதால், காதை மட்டும் நம்ப முடியாது. கரை–கறை, அரை–அறை என்று படத்தோடு ஜோடியாகக் காட்டுங்கள். இரட்டிப்பது ற மட்டுமே, ர இரட்டிக்காது என்ற ஒரு குறிப்பு ‘காற்று’, ‘நேற்று’ எல்லாவற்றுக்கும் உதவும்.

பத்து நிமிஷம் போதும்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைத்துக் கண்டிப்பதைவிட, தினம் பத்து நிமிஷம் நல்லது. பஸ்ஸில் போகும்போது “‘ப’வில ஆரம்பிக்கிற சாமான் அஞ்சு சொல்லு” என்று கேளுங்கள். மளிகைச் சீட்டைப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். கணினி வசதி இருந்தால், 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனத்தின் மழலைக் கல்விப் பாடங்களும் துணை செய்யும்.

ஒன்றே ஒன்று: பிழையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நாங்கள் சிரித்ததற்குக் கொடுத்த விலை சில மாதங்கள். கடைசியில் தாத்தாவே ஒரு தபால் அட்டையில் பெரிய எழுத்தில் ‘பழம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு மாம்பழம் வரைந்து அனுப்பினார். பிறகுதான் அவள் பதில் எழுதினாள். அந்த அட்டை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. தாத்தா இன்று இல்லை. அவர் எழுத்தைப் படிக்க அவர் பேத்திக்கு யாருடைய உதவியும் வேண்டியதில்லை.