உஷார்! சின்ன ஹோம் என்றாலே பத்திரம் என்று நம்பாதீர்கள்

"பத்தே பேர்தான் சார் இருக்காங்க. வீடு மாதிரிதான் இருக்கும். தனிக்கவனம் கிடைக்கும்." அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்கோ மகளுக்கோ தங்க இடம் தேடி அலையும் பெற்றோரிடம் முதலில் சொல்லப்படுவது இதுதான். அப்பாவுக்கு எழுபது வயது, அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், பிள்ளைக்கு முப்பது வயதிலும் இன்னொருவர்தான் குளிப்பாட்டிவிட வேண்டும். 'எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?' என்ற கேள்வி தூங்கவிடாத வீட்டில் அந்த வார்த்தை பெரிய ஆறுதல். அதனால்தான் பதறிச் சொல்கிறேன்: அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பெரிய விடுதியில் நடக்கும் கொடுமை சின்ன இல்லத்திலும் நடக்கும். பெரிய இடத்திலாவது நாலு பேர் கண்ணில் படும். மூன்று அறை வீட்டில், ராத்திரிக்கு ஒரே ஒரு ஆள் இருக்கும் இடத்தில், பேசத் தெரியாத பிள்ளைக்கு நடப்பது யார் கண்ணில் படும்?

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டோம். காணாமல் போன ஒரு முதியவரைத் தேடி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்கள் 140 பேருக்கும் மேல். உரிய உரிமம் இல்லாமலே வருடக்கணக்கில் நடந்திருக்கிறது. அடி, உதை, பாலியல் வன்முறை, காணாமல் போனவர்கள் என்று புகார்கள் குவிந்து வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் இறந்தவர்கள் 28 பேர். அவர்கள் மனநோயாளிகள், அறிவுசார் குறைபாடு வேறு. ஆனால் வெளியாள் நுழைய முடியாத இடம் என்ற ஆபத்து இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

'அதெல்லாம் காசில்லாத இடம், நாங்கள் மாதாமாதம் நல்ல தொகை கட்டுகிறோம்' என்பீர்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகே இருந்த விண்டர்போர்ன் வியூ தனியார் மருத்துவமனையைப் பாருங்கள். மொத்தமே 24 படுக்கை. ஒரு ஆளுக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்டு. அங்கே ஊழியர்கள் அறிவுசார் குறைபாடுள்ளவர்களை அறைந்ததையும், தரையில் போட்டு அமுக்கியதையும், உடுப்போடு குளிர்ந்த தண்ணீரில் நனைத்ததையும் 2011 மே மாதம் பி.பி.சி. ரகசியக் கேமராவில் படமெடுத்து ஒளிபரப்பியது. 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். அங்கேயே வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர் முன்பே நிர்வாகத்துக்கும் அரசின் கண்காணிப்பு ஆணையத்துக்கும் எழுதிப் புகார் கொடுத்திருந்தார். யாரும் அசையவில்லை. பின்னால் நடந்த விசாரணையில் வெளிவந்த ஒரு விவரத்தை ஒவ்வொரு பெற்றோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: குடும்பத்தாரை மேல்மாடி வார்டுக்கும் படுக்கையறைக்கும் விடவே இல்லை. கீழே உட்காரவைத்துப் பிள்ளையைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார்கள்.

நீங்கள் போகும் இல்லத்திலும் ஆபீஸ் ரூமிலேயே உட்காரவைத்து, தலைசீவிப் பவுடர் பூசி உங்கள் பிள்ளையைக் கூட்டிவருகிறார்களா? அங்கேதான் சந்தேகப்படத் தொடங்க வேண்டும். படுக்கும் கட்டிலையும், கழிவறையையும், சமையலறையையும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். 'மற்ற பிள்ளைகள் டிஸ்டர்ப் ஆவார்கள்', 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விசிட்டிங்', 'சேர்த்த பிறகு மூன்று மாசம் வராதீங்க, அப்போதான் செட் ஆவான்' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழும் இதற்கு ஈடாகாது. இங்கிலாந்தின் டர்ஹம் கவுன்டியில் இருந்த வோர்ல்டன் ஹால் 17 படுக்கை இடம். அதற்கு ஆணையம் 'நன்று' என்று தரம் கொடுத்திருந்தது. 2015-லேயே அங்கே குறைகளைக் கண்டு ஓர் ஆய்வாளர் எழுதிய அறிக்கை வெளிவராமலே போனது. 2019-ல் மறுபடியும் ஒரு ரகசியக் கேமராதான் உண்மையைக் காட்டியது.

அடி விழுந்தால் தழும்பாவது இருக்கும். அதைவிட நான் பயப்படுவது, யாரும் கை ஓங்காமலே நடக்கும் சாவுகளை.

2012-ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், சிலர் மட்டும் சேர்ந்து வாழும் ஓர் இல்லத்தில் இருந்த டவுன் சின்ட்ரோம் உள்ள 33 வயது இளைஞர் இறந்துபோனார். காரணம் மலச்சிக்கல். மருத்துவர்கள் அவர் குடலிலிருந்து எடுத்த மலம் 10 கிலோ. சிறுவயது முதலே அவருக்கு அந்தத் தொல்லை உண்டு என்பதும், சாப்பாட்டையும் மலம் கழிப்பதையும் கவனித்தே ஆக வேண்டும் என்பதும் தெரிந்த விஷயம். இல்லத்தின் நிர்வாக முறை மாறியபோது அந்தக் கவனிப்பு நின்றுபோனது. கொடூரமான ஆள் யாரும் அங்கே தேவைப்படவில்லை. ஒரு நோட்டில் தினமும் ஒரு வரி எழுத ஆளில்லாமல் போனதே போதுமாக இருந்தது.

நம் ஊரில் இதற்கு வாய்ப்பு குறைவு என்று நினைக்காதீர்கள். நாளெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, ராத்திரி படுக்கையை நனைத்துவிடுவான் என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுக்காத ஆயா, போதாக்குறைக்குக் குடலை மந்தமாக்கும் மனநல மாத்திரை: மூன்றும் சேர்ந்தால் மலம் இறுகத்தான் செய்யும். 'வயிறு வலிக்குது' என்று சொல்லத் தெரியாத பிள்ளை தலையைச் சுவரில் முட்டும், தட்டைத் தள்ளிவிடும், கடிக்கும். இல்லத்தில் அதற்குப் பெயர் 'அடம்'. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே மலம் இறுகி அடைத்திருக்கும்போது அதைச் சுற்றித் தண்ணீராகக் கசியும். அதைப் பேதி என்று நினைத்து, நிறுத்த மாத்திரை கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். வயிறு உப்பி, வாந்தி எடுத்தால் அன்றே மருத்துவமனை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

அடுத்தது ஃபிட்ஸ். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் வலிப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். 2013 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சின்ன சிகிச்சைப் பிரிவில், வலிப்பு நோய் இருப்பது தெரிந்தும் 18 வயதுப் பையனைக் குளியல் தொட்டியில் தனியே விட்டார்கள். வலிப்பு வந்து தண்ணீருக்குள்ளேயே போய்விட்டான். நாக்கைக் கடித்திருக்கிறான், ஃபிட்ஸ் வந்திருக்கும் என்று அவன் அம்மா முன்பே சொல்லியிருந்தார். அம்மா சொன்னது காதில் ஏறவில்லை. அதை நடத்திய அரசு சுகாதார டிரஸ்ட்டுக்கு இவன் சாவுக்கும் இன்னொருவர் சாவுக்குமாகச் சேர்த்து 2018-ல் 20 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள்.

நம் இல்லங்களில் தொட்டி இருக்காது. வாளியும் வழுக்கும் தரையும் உள்தாழ்ப்பாளும் இருக்கும். ராத்திரிப் பணியில் இருப்பவரிடம், வார்டனிடம் அல்ல, நேரடியாகக் கேளுங்கள்: "ஃபிட்ஸ் வந்தா என்னம்மா செய்வீங்க?" ஒருக்களித்துப் படுக்கவைப்பேன், மணி பார்ப்பேன், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுவேன் என்று சொன்னால் நிம்மதி. கையில் சாவி கொடுப்பேன், வாயில் ஸ்பூன் வைப்பேன் என்று சொன்னால் அவருக்கு யாரும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஃபிட்ஸ் மாத்திரையை ஒரு நாள் விட்டாலும் வலிப்பு வரலாம். ஸ்டிரிப்பை வாங்கி எண்ணிப் பாருங்கள்.

சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் ஒருமுறை போங்கள். ஒரே ஆயா ஆறு பேருக்கு மாறி மாறி ஊட்டுகிறாரா, படுக்கவைத்தே வாயில் திணிக்கிறாரா என்று பாருங்கள். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு அப்படி ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாயில் போகும். அடிக்கடி சளி, காய்ச்சல், நிமோனியா என்று வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

"இப்போ ரொம்ப அமைதி ஆயிட்டான் சார்" என்று பெருமையாகச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். எந்த மாத்திரை, எந்த டாக்டர் எழுதினார், எதற்காக என்று சீட்டைக் கேளுங்கள். மனநோய் எதுவும் இல்லாமலே தினமும் மனநல மாத்திரை கொடுக்கப்படும் அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் இங்கிலாந்தில் மட்டும் 30,000 முதல் 35,000 பேர் வரை இருக்கலாம் என்று 2015-ல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையே மதிப்பிட்டது. எழுதிவைத்துக் கணக்குப் பார்க்கும் நாட்டிலேயே அந்த நிலைமை. எச்சில் வடிய, கால் இழுத்து நடந்து, எந்நேரமும் தூங்கி வழிந்தால் உடனே வேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லா இல்லமும் இப்படி என்று சொல்லவில்லை. தங்கள் பிள்ளைக்காகத் தொடங்கி ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து வளர்க்கும் பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். பணியாளர்களையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. சொற்பச் சம்பளத்துக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஒரே ஆளை நிறுத்திவைத்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜிம் மான்செல் பல வருடம் இப்படிப்பட்ட இல்லங்களை ஆராய்ந்து சொன்னது இதுதான்: வீடு சின்னதாக இருப்பது மட்டும் போதாது, உள்ளே இருப்பவர் நாளெல்லாம் என்ன செய்கிறார், அதைச் செய்யப் பணியாளர் எப்படிக் கைகொடுக்கிறார் என்பதே தரத்தைத் தீர்மானிக்கிறது. பிள்ளை கீரை ஆய்கிறதா, துணி மடிக்கிறதா, கடைக்குப் போய்வருகிறதா, அல்லது டி.வி. முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறதா என்று பத்து நிமிடம் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பெண் பிள்ளை என்றால் இரட்டிப்பு உஷார். 1994-ல் மகாராஷ்டிரத்தில் ஓர் அரசு இல்லத்திலிருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு, மாதவிடாய்ச் சுத்தத்தைக் காரணம் காட்டிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சண்டிகர் அரசு இல்லத்தில் இருந்த பெண் அங்கேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமான வழக்கு 2009-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. 'கர்ப்பப்பையை எடுத்துட்டுக் கூட்டிட்டு வாங்க' என்று ஓர் இல்லம் சொன்னால், அந்த வாசலை மிதிக்காதீர்கள். மனமொப்பிய சம்மதம் இல்லாமல் கருத்தரிக்கும் திறனை அழிக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 10. ராத்திரியில் பெண்கள் பகுதிக்குப் பொறுப்பு யார், சாவி யாரிடம் என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

அதே சட்டத்தின்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் மாற்றுத்திறனாளிகள் இல்லம் நடத்தக் கூடாது. டிரஸ்ட் பதிவைக் காட்டி அதுவே உரிமம் என்பார்கள், இரண்டும் வேறு. சான்றிதழ் நகலையும் அதில் உள்ள காலாவதித் தேதியையும் பார்த்து, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் நேரில் போய்ச் சரிபாருங்கள். 18 வயதுக்குப் பிறகு பெற்றோரும் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் பெற வேண்டும். உங்களுக்குப் பின் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்து, அந்த அண்ணனையோ சித்தி மகளையோ இல்லத்துக்குக் கூட்டிப்போய்ப் பழக்குங்கள். கேள்வி கேட்க ஆளில்லாத பிள்ளை என்று தெரிந்த மறுநாளே கவனிப்பு மாறிவிடும் இடங்கள் உண்டு.

தப்பு நடக்கிறது என்று தோன்றினால் அங்கேயே நின்று சண்டை போடாதீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு பிள்ளைதான் அங்கே இருக்க வேண்டும். முதலில் கையோடு வீட்டுக்கு அழைத்துவாருங்கள். அரசு மருத்துவமனையில் காட்டி, காயங்களையும் எடையையும் பதிவு செய்து சீட்டு வாங்குங்கள், போட்டோ எடுங்கள். கொடுமை நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால், உறவினர் அல்லாதவரும்கூட, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 7-ன் கீழ் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம்; மீட்க உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பொறுப்பில் இருப்பவர் வேண்டுமென்றே சாப்பாடோ தண்ணீரோ கொடுக்காமல் இருந்தாலே அதே சட்டத்தின் பிரிவு 92-ன்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இப்போதே வேறு பெற்றோர் இரண்டு பேரின் போன் நம்பரை வாங்கிவைத்து, ஒருவர் போகாத வாரம் இன்னொருவர் போய் எல்லோருடைய பிள்ளையையும் பார்ப்பது என்று பேசிவையுங்கள். சேர்க்கும் நாளில், 'எது நேர்ந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்த தாளை நீட்டினால் கையெழுத்துப் போட மறுத்துவிடுங்கள்.