மாடுகளின் எமனை ஒழித்த டாக்டர்!

"மாடு" என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. அந்தச் செல்வத்தைச் சூறையாடிய நோய் ஒன்று இருந்தது. அதன் பெயர் வெக்கை நோய்.

முதலில் காய்ச்சல் அடிக்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாய் புண்ணாகும். பிறகு கழிச்சல். பத்துப் பன்னிரண்டு நாளில் மாடு செத்து விழும்.

1887-ம் ஆண்டு வாக்கில் இந்நோய் எத்தியோப்பியாவில் புகுந்தது. பத்தில் ஒன்பது மாடுகள் மடிந்தன. உழ மாடு இல்லை. உண்ண உணவு இல்லை. லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் மாண்டார்கள்.

இந்த எமனை ஒழிக்க வழி கண்டவர், டாக்டர் வால்ட்டர் பிளவ்ரைட்.

90 முறை!

பிளவ்ரைட் 1923-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டனில் கால்நடை வைத்தியம் படித்தார். கென்யா நாட்டில் முகுகா என்ற ஊரில் உள்ள ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார்.

அதற்கு முன்பே ஒரு தடுப்பு மருந்து உண்டு. நம் நாட்டின் முக்தேசுவரத்தில், வெள்ளாட்டைக் கொண்டு உருவாக்கியது. அது பல மாடுகளைக் காத்தது. ஆனால் சில இன மாடுகளுக்கு அந்த மருந்தே நோயைக் கொடுத்தது.

பிளவ்ரைட் வேறு வழி தேடினார். கன்றின் சிறுநீரகத்தில் இருந்து உயிரணுக்களை எடுத்து, கண்ணாடிப் புட்டியில் வளர்த்தார். அதில் நோய்க் கிருமியை விட்டார். கிருமி பெருகியதும், கொஞ்சம் எடுத்து அடுத்த புட்டியில் விட்டார். இப்படிச் சுமார் 90 முறை!

கடைசியில் கிருமி உயிரோடு இருந்தது. நோய் தரும் சக்தி மட்டும் போய்விட்டது.

1960-ம் ஆண்டு வாக்கில் தடுப்பு ஊசி தயார். கன்றுக்கும் போடலாம், சினை மாட்டுக்கும் போடலாம். ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுவதும் காக்கும்.

மீண்டும் வந்தது!

1962 முதல் ஆப்பிரிக்க நாடுகள் கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசி போட்டன. நோய் மறைந்தது போல் தோன்றியது. பல நாடுகள் அசட்டையாக இருந்துவிட்டன. ஒளிந்து கிடந்த நோய் 1980-களில் மீண்டும் பாய்ந்தது!

அதன் பிறகு மூலை முடுக்கெல்லாம் தேடிப்போய் ஊசி போட்டார்கள். இந்தியாவில் 1995-ல் தமிழ்நாட்டில் கண்டதே கடைசி. உலகிலேயே கடைசியாக 2001-ல் கென்யாவில், காட்டெருமைகளிடம் தென்பட்டது.

1999-ல் பிளவ்ரைட்டுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

வெக்கை நோய் ஒழிந்தது என்று 2011-ல் உலகுக்கு அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூண்டோடு ஒழித்த இரண்டாவது நோய் இது.

அந்த அறிவிப்பைக் கேட்க பிளவ்ரைட் இல்லை. முந்தின ஆண்டு, தம் 86-வது வயதில் காலமாகிவிட்டார். ஆனால் இன்று மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு வெக்கை நோய் என்றால் என்னவென்றே தெரியாது!