டெஸ்டோஸ்டெரோன் ஊசியும் பிள்ளைப் பேறும்: ஆண்கள் அறிய வேண்டியவை

திருமணமாகி இரண்டு வருடங்களாகியும் குழந்தை இல்லை என்றால் எமது ஊர்களில் முதலில் வைத்தியரிடம் செல்வது மனைவிதான். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று அவள் பல மாதங்கள் அலைந்த பிறகுதான் கணவனின் விந்துப் பரிசோதனை பற்றிய பேச்சு எழும். அந்தக் கணவன் களைப்புக்காகவோ உடற்கட்டுக்காகவோ டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டுக்கொண்டிருந்தால், காரணம் அந்த ஊசியாகவே இருக்கலாம். "ஆண்மை ஓமோன் எடுத்தால் விந்தணு கூடும்தானே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நடப்பது நேர்மாறானது.

மூளையிலுள்ள ஹைபோதலமஸ் கட்டளையிட, பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எப்.எஸ்.எச். என்ற இரு ஓமோன்களை வெளிவிடுகிறது. முதலாவது விதைகளை டெஸ்டோஸ்டெரோன் சுரக்க வைக்கிறது. மற்றையது விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கிறது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் போதியளவு இருந்தால் மூளை தன் கட்டளையைக் குறைத்துவிடும். அது விதையிலிருந்து வந்ததா, ஊசியிலிருந்து வந்ததா என்று மூளைக்குத் தெரியாது. ஆகவே ஊசி தொடரும்போது இந்த இரண்டு ஓமோன்களும் அடங்கிப் போகின்றன. விந்தணு உருவாக வேண்டுமென்றால் விதைக்குள்ளே டெஸ்டோஸ்டெரோன், இரத்தத்தில் உள்ளதை விடப் பல மடங்கு செறிவாக இருக்க வேண்டும். ஊசி இரத்தத்தை நிரப்புமே தவிர விதையை நிரப்பாது. சிலருக்கு விதைகள் சிறுத்துப் போவதும் இதனால்தான்.

உலக சுகாதார ஸ்தாபனம் இதனை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே பரீட்சித்துப் பார்த்தது. 1990 இல் வெளியான அந்த ஆய்வில் 271 ஆண்களுக்கு வாராந்தம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் ஏற்றப்பட்டது. 157 பேரின் விந்தில் அணுவே இல்லாமல் போனது. சிகிச்சையில் வழமையாகக் கொடுப்பதை விட இது கூடிய அளவுதான். ஆனால் ஜிம்களில் கைமாறும் ஊசிகளுக்கு அளவு பார்ப்பவர் யார்?

நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு விந்தணு திரும்பி வருகிறது. அதற்குப் பல மாதங்கள் செல்லும், சிலருக்கு இரண்டு வருடங்கள் வரை ஆகலாம். உடலின் சொந்தச் சுரப்பு எழும்பும் வரை களைப்பும் மனச்சோர்வும் வாட்டும் என்பதால் வைத்தியரிடம் கேட்காமல் திடீரென நிறுத்துவதும் நல்லதல்ல.

இன்னொரு தவறான எண்ணம் ஈஸ்ட்ரஜன் பற்றியது. அது பெண்களுக்கு மட்டும் உரியதல்ல. ஆணின் டெஸ்டோஸ்டெரோனில் ஒரு பகுதி, குறிப்பாகக் கொழுப்புத் திசுக்களில், ஈஸ்ட்ரடையோலாக மாறுகிறது. அது மிதமிஞ்சினால் மார்பு வீங்கலாம். இதற்குப் பயந்து, மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அனஸ்ட்ரசோல் மாத்திரையைச் சிலர் தாமாகவே விழுங்குகிறார்கள். 2013 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு வேறு விதமாக இருந்தது. ஈஸ்ட்ரஜன் குறைந்த ஆண்களுக்கு உடற்கொழுப்பு கூடியது, பாலுணர்வும் குறைந்தது. எலும்பின் உறுதிக்கும் அது தேவை.

இந்தச் சிகிச்சையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிட்யூட்டரிக் கட்டி உள்ளவருக்கும் விதைகளை இழந்தவருக்கும் அது அவசியமான மருந்து. ஆனால் வெறும் களைப்பு போதிய காரணமாகாது. அறிகுறிகளோடு, வெவ்வேறு இரண்டு நாட்களில் காலையில் எடுத்த இரத்தத்திலும் அளவு குறைந்திருக்க வேண்டும். உடற்பருமன், நீரிழிவு, தூக்கமின்மை என்பனவும் அளவைக் குறைக்கும். பருமனானவர் எடையைக் குறைத்தாலே ஓரளவு ஏறும்.

சிகிச்சை தொடங்கிய பின் இரத்தம் தடிப்பதையும் கவனிக்க வேண்டும். ஹெமடோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் வைத்தியர் மருந்தை நிறுத்துவார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைக் கொண்ட 2023 ஆம் ஆண்டின் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை கூடவில்லை. எனினும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் நுரையீரலில் இரத்தக்கட்டியும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன.

பிள்ளை வேண்டுமென்று நினைப்பவர் முதல் ஊசிக்கு முன்னரே அதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். எச்.சி.ஜி. போன்ற, விதையை நேரடியாகத் தூண்டும் மாற்று மருந்துகள் உண்டு. ஏற்கனவே ஊசி எடுப்பவர், மனைவியின் கிளினிக்குக்கு அடுத்த முறை தானும் கூடச் சென்று, ஊசியின் பெயரையும் எத்தனை மாதமாக எடுக்கிறார் என்பதையும் அங்குள்ள வைத்தியரிடம் சொல்லட்டும்.