குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்!

அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளில் ஆயிரத்துக்குச் சுமார் 11 பேர் முதல் பிறந்தநாளுக்கு முன்பே இறந்துவிடுகிறார்கள். வெள்ளையினத்தில் இது 4.5 தான். இது 2022-ம் ஆண்டுக் கணக்கு. வறுமையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. கல்லூரி முடித்த கறுப்பினத் தாய்மார்களிடமும் இந்த இடைவெளி இருக்கிறது. உடம்புக்கு முடியவில்லை என்றால் காதில் வாங்க ஆள் வேண்டுமே! 2017-ல் பிரசவத்துக்குப் பிறகு மூச்சுத்திணறிய டென்னிஸ் நட்சத்திரம் செரீனா வில்லியம்ஸே, வற்புறுத்தித்தான் ஸ்கேன் எடுக்கவைத்தார். நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருந்தன.

குழந்தையைப் பறிகொடுத்தவளிடமோ, ‘நீ தைரியசாலி, தாங்கிப்பே’ என்கிறார்கள். கறுப்பினப் பெண்கள் காலங்காலமாகச் சுமக்கும் இந்தப் பட்டம், அவர்களை அழக்கூட விடுவதில்லை.

அக்டோபர் 15 மாலை 7 மணிக்கு, இழந்த குழந்தைகளுக்காகப் பல நாடுகளில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். மற்ற நாள்களில்? சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். அப்பாவிடமும் விசாரியுங்கள், அவரை யாரும் கேட்பதே இல்லை. ‘இன்னொண்ணு பெத்துக்கலாம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.