ஒரே பாட்டு, எட்டுக் கோப்பு

பேண்ட்கேம்ப் தளத்தில் ஓர் இசைத்தொகுப்புக்குக் காசு கட்டி முடித்ததும், பதிவிறக்கும் பொத்தானுக்கு அருகே ஒரு பட்டியல் விரிகிறது. எம்பி3 வி0, எம்பி3 320, ஃபிளாக், ஏஏசி, ஆக் வோர்பிஸ், அலாக், வேவ், ஏஐஎஃப்எஃப் என்று எட்டுப் பெயர்கள். எதை எடுத்தாலும் விலை ஒன்றுதான். பாட்டும் ஒன்றுதான். ஆனால் நான்கு நிமிடப் பாட்டு ஒரு வடிவில் 8 எம்பிக்குள் அடங்குகிறது, இன்னொன்றில் 42 எம்பியைத் தொடுகிறது. குழம்பிப்போகிறவர்கள் காதில் விழுந்து பழகிய எம்பி3யைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய இசைக்கு அது சரியான தேர்வு இல்லை என்பதே என் கட்சி. எம்பி3யின் ஒலி மட்டமானது என்று வழக்கமாகச் சொல்வார்களே, அந்தக் காரணம் எனக்கு வேண்டாம். அது பாதி உண்மைதான். வேறொரு காரணம் இருக்கிறது.

முதலில் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று நான்கு எழுத்துகள் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடும் என்று நம்புகிறோம். அது வெறும் பெயர்ச்சீட்டு. யாரும் மாற்றி ஒட்டலாம். ஃபிளாக் கோப்பை வண்டியின் ஸ்டீரியோ ஏற்கவில்லை என்று அதன் பெயரை எம்பி3 என மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. அதனால் உள்ளே ஒரு பிட்கூட நகராது. கோப்பின் உண்மையான அடையாளம் அதன் தொடக்க பைட்டுகளில் இருக்கிறது. ஃபிளாக் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளை எழுத்தாக வாசித்தால் ‘ஃபிளாக்’ என்ற ஆங்கிலச் சொல்லே வரும். வேவ் கோப்பில் ‘ரிஃப்’ என்று வரும். இன்னும் பெரிய சிக்கல் எம்4ஏ. அது ஓர் உறை மட்டுமே. ஆப்பிள் நிறுவனம் அதே உறைக்குள் ஏஏசியையும் போடுகிறது, 2004இல் தான் கொண்டுவந்த அலாக்கையும் போடுகிறது. ஏஏசி ஒலியின் ஒரு பகுதியைத் தூக்கி எறியும் முறை. அலாக் எதையும் எறியாத முறை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே எம்4ஏதான், கோப்பின் அளவு மட்டும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். உறை எது, உள்ளே சுருக்கிய முறை எது, அதற்கு மேல் பூட்டு உண்டா என்ற மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒரே பெயருக்குள் திணித்ததால் வந்த வினை இது.

மூன்றில் சுருக்கும் முறைதான் முக்கியம். குறுந்தகட்டில் ஒலி எப்படி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1982இல் விற்பனைக்கு வந்த அந்தத் தகடு, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதி, இடது வலது என இரண்டு தடங்களுக்கும் சேர்த்து நொடிக்கு 14,11,200 பிட்டுகளைச் செலவிடுகிறது. நான்கு நிமிடத்துக்கு 42 எம்பி வருவது இதனால்தான். வேவும் ஏஐஎஃப்எஃப்பும் இந்த எண்களை அப்படியே வரிசையாக அடுக்கி வைப்பவை. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த காலத்தில் இந்த அளவை யாரும் அனுப்பியிருக்க முடியாது. ஜெர்மனியின் எர்லாங்கனில் உள்ள ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் உழைத்து உருவாக்கிய எம்பி3, மனிதக் காதின் ஒரு பலவீனத்தைப் பிடித்துக்கொண்டது. பலத்த ஒலி ஒன்று கேட்கும்போது, அதற்கு நெருங்கிய அலைவரிசையில் உள்ள மெல்லிய ஒலி நமக்குக் கேட்பதில்லை. கேட்காததற்கு எதற்குப் பிட் செலவு? எனவே எம்பி3 ஒலியை 1,152 அளவுகள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு ஏறக்குறைய 26 மில்லிநொடி. ஒவ்வொன்றையும் அலைவரிசைகளாகப் பிரித்து, காது கண்டுகொள்ளாது என்று கணித்தவற்றைத் தோராயமாக எழுதுகிறது அல்லது விட்டுவிடுகிறது. பெரும்பாலும் கணிப்பு சரியாகவே இருக்கும். தடுமாறுவது திடீரென்று வெடிக்கும் ஒலிகளில். மிருதங்கத்தில் சாப்பு விழுவதற்கு முந்தைய நிசப்தமும் அந்த அடியும் ஒரே துண்டில் மாட்டினால், தோராயக் கணக்கின் இரைச்சல் துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்பே ஒரு மெல்லிய சலசலப்பாகக் கேட்கும். இதைக் குறைக்க எம்பி3 துண்டுகளை இன்னும் சிறிதாக்கிக்கொள்ளும்; நொடிக்கு 128 கிலோபிட் போன்ற சிக்கன அளவில் அதுவும் போதாமல் போகும்.

ஃபிளாக்கின் வழி வேறு. ஜாஷ் கோல்சன் எழுதி 2001இல் முதல் முழுப் பதிப்பாக வந்த இது, காதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. ஒலியலையில் அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று முந்தைய எண்களை வைத்து ஊகிக்கிறது. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சிக்கனமாக எழுதி வைக்கிறது. இசை ஓரளவு ஊகிக்கத் தக்கது என்பதால் வித்தியாசங்கள் சிறிய எண்களாகவே இருக்கும், இடம் மிச்சமாகும். 42 எம்பி பாட்டு பெரும்பாலும் 20க்கும் 30க்கும் இடையில் நிற்கும். திரும்ப விரிக்கும்போது ஒரு பிட் பிசகாமல் பழைய எண்களே கிடைக்கும். இது வெறும் வாக்குறுதியும் இல்லை. மூல ஒலியின் கணித முத்திரை ஒன்றைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதி வைக்க ஃபிளாக்கில் இடமுண்டு. பத்து ஆண்டு கழித்தும் விரித்துப் பார்த்து, முத்திரை பொருந்துகிறதா என்று சோதிக்கலாம். எம்பி3யில் இப்படிச் சோதிக்க வழியே கிடையாது. அங்கே மூலம்தான் போய்விட்டதே.

என் வாதம் இங்கேதான் நிற்கிறது. ஃபிளாக்கிலிருந்து எம்பி3 செய்யலாம், ஏஏசி செய்யலாம், நாளைக்கு வரப்போகும் பெயர் தெரியாத ஒன்றும் செய்யலாம். எம்பி3யிலிருந்து ஃபிளாக்கைச் செய்ய முடியாது. மாவை அரிசியாக்க முடியாது. எம்பி3யை ஏஏசியாக மாற்றினால், ஏற்கெனவே ஒருமுறை கழித்ததிலிருந்து வேறொரு கணிப்பின்படி இன்னொரு முறை கழிப்பதாகும், இழப்பு கூடிக்கொண்டே போகும். 128 கிலோபிட் கோப்பை 320 ஆக மாற்றி ‘தரம் உயர்த்துவது’ இதில் கேலிக்கூத்தான வகை: கோப்புதான் பருக்கும். வாங்குகிறவர் இன்று எந்தக் கருவியில் கேட்கிறார் என்பதைவிட, அந்த இசை அவரிடம் எத்தனை கருவிகளைக் கடந்து வாழப்போகிறது என்பதே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

இதற்கு உடனே வரும் எதிர்க்கேள்வி: 320 கிலோபிட் எம்பி3க்கும் ஃபிளாக்குக்கும் யாருக்கு வித்தியாசம் தெரியும்? நியாயமான கேள்வி. எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கவைக்கும் சோதனைகளில், நன்றாகச் செய்யப்பட்ட 320 எம்பி3யையும் 256 ஏஏசியையும் மூலத்திலிருந்து பிரித்தறியப் பலரும் திணறுகிறார்கள். ‘ஃபிளாக் போட்டதும் வீணையின் மீட்டு தனியாகக் கேட்டது’ என்பவர்களின் பரவசத்தில் பாதி எதிர்பார்ப்பு. போதாக்குறைக்கு, சாதாரண ப்ளூடூத் இயர்போனில் கேட்டால், எந்தக் கோப்பைப் போட்டாலும் கைபேசி அதை விரித்து, ப்ளூடூத்துக்கான முறையில் மீண்டும் சுருக்கித்தான் காதுக்கு அனுப்புகிறது. இதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும் என் வாதம் ஆடுவதில்லை, ஏனென்றால் அது காதை நம்பி நிற்கவில்லை. இன்றைய காதுக்குப் போதுமான கோப்பு நாளைய மாற்றத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டியதில்லை. காதுக்கே தெரியும் குறை ஒன்றும் உண்டு. கச்சேரிப் பதிவில் ஆலாபனை, தானம், பல்லவி என்று தனித்தனித் தடங்களாக வெட்டியிருந்தால், எம்பி3 கடைசித் துண்டை நிரப்பச் சேர்க்கும் வெற்று ஒலி, ஓடிக்கொண்டிருக்கும் தம்பூராவைத் தடம் மாறும் இடத்தில் ஒரு கணம் அறுக்கும். எவ்வளவு வெற்று சேர்த்தோம் என்று லேம் போன்ற மென்பொருள்கள் கோப்பில் குறித்து வைக்கின்றன. அந்தக் குறிப்பைப் படிக்காத கருவிகளும் இருக்கின்றன. ஃபிளாக்கில் அந்தத் தொல்லை எழுவதில்லை.

மூன்றாவது கேள்வியான பூட்டு இப்போது பெருமளவு தீர்ந்துவிட்டது. தீர்ந்த விதம் நினைவில் வைக்கத் தக்கது. ஐடியூன்ஸ் இசைக்கடை 2003 ஏப்ரலில் திறந்தபோது விற்றது 128 கிலோபிட் ஏஏசி, அதன் மேல் ஃபேர்பிளே என்ற பூட்டு. 2007இல் இஎம்ஐ நிறுவனத்தின் பாடல்கள் பூட்டின்றி 256 கிலோபிட்டில் வந்தன. 2009இல் கடை முழுவதற்கும் பூட்டு அவிழ்ந்தது. இன்னொரு பக்கம், மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்என் மியூசிக் கடையில் வாங்கியவர்களுக்கு 2008இல் ஓர் அறிவிப்பு வந்தது: அனுமதிச் சாவி வழங்கும் கணினிகளை நிறுத்தப்போகிறோம், அதன்பின் புதுக் கணினியில் இந்தப் பாடல்கள் திறக்காது. எதிர்ப்பு கிளம்பியதும் மைக்ரோசாஃப்ட் கெடுவைத் தள்ளிவைத்தது. அதே ஆண்டு யாகூவின் இசைக்கடையும் மூடப்பட்டது. பாடல்களைக் குறுந்தகட்டில் எழுதி வைத்துக்கொள்ளும்படி வாங்கியவர்களுக்கு ஆலோசனை சொன்னார்கள். அந்தத் தகட்டிலிருந்து திரும்ப எம்பி3 எடுத்தவருக்குக் கிடைத்தது இருமுறை கழித்த ஒலி. இழப்பில்லாக் கோப்பை அவர்களுக்கு யாரும் விற்கவே இல்லை.

இழப்பில்லாதது நல்லது என்றால் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் இன்னும் நல்லதல்லவா என்று அடுத்துக் கேட்பார்கள். கோபுஸ் போன்ற கடைகள் அப்படியும் விற்கின்றன. இங்கே நான் கையைக் கட்டிக்கொள்வேன். நொடிக்கு 44,100 முறை அளந்தால் அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் வரை பதிவாகும். மனிதக் காதின் எல்லை நல்ல வயதிலேயே 20,000. 2007இல் மேயரும் மோரனும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் வெளியிட்ட சோதனையில், உயர்தெளிவு ஒலியையும், அதையே குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கிய ஒலியையும் கேட்டவர்களின் பதில்கள் காசு சுண்டிப் போட்டதற்கு ஒப்பாக இருந்தன. 2016இல் ஜாஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சரியான பதில்கள் சுமார் 52 விழுக்காடு என்றார். பூஜ்யம் இல்லை, பெருமைப்படவும் ஒன்றுமில்லை. ஒலிக்கூடத்தில் கலவை செய்கிறவர்களுக்கு 24 பிட் அவசியம். வீட்டில் கேட்பவர் அதிக விலை தருவது பெரும்பாலும் எண்ணுக்குத்தான்.

இடம் போதாது என்ற கவலை பழையது. 400 எம்பி வீதம் வைத்தாலும் ஒரு டெராபைட் வட்டில் 2,500 தொகுப்புகள் அடங்கும். கருவி ஏற்காது என்பது இன்றும் மெய்யான தடை. பல வண்டிகளின் யுஎஸ்பி துளை எம்பி3யைத் தாண்டி அதிகம் படிப்பதில்லை. ஐபோனின் மியூசிக் செயலிக்கு ஃபிளாக் ஆகாது, அலாக்தான் வேண்டும். ஆனால் ஃபிளாக்கை வீட்டுக் கணினியில் வைத்துக்கொண்டு, ஃபூபார்2000 போன்ற இலவச மென்பொருளால் வண்டிக்கு ஓர் எம்பி3 படி, ஐபோனுக்கு ஓர் அலாக் படி எடுத்துக்கொள்வது சில நிமிட வேலை. ஃபிளாக்கும் அலாக்கும் தங்களுக்குள் மாறினால் ஒலியில் எதுவும் குறையாது. அப்படியானால் வேவ் ஏன் கூடாது? ஒலிக்காகத் தடையில்லை, பாடகர், ராகம், ஆண்டு போன்ற குறிப்புகளை எழுதி வைக்க வேவில் எல்லாரும் ஒப்புக்கொண்ட இடம் கிடையாது, கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால் பெயரைத் தவிர எந்தக் குறிப்பும் தெரியாமல் போகலாம். ஃபிளாக்கே ஒருநாள் வழக்கொழிந்தால் என்ன செய்வது என்போருக்கு: அதன் விவரக்குறிப்பு 2024 டிசம்பரில் ஆர்எஃப்சி 9639 என்ற இணையத் தர ஆவணமாக வெளியாகிவிட்டது. யாருடைய அனுமதியும் இன்றி அதைப் படித்து விரிப்பான் எழுதிக்கொள்ள முடியும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் ஃபிளாக் என்ற பெயரை நம்ப வேண்டாம். யாரோ ஒருவர் எம்பி3யை விரித்து, அதை ஃபிளாக்காகச் சுருக்கிக் கடையில் ஏற்றியிருந்தால், கணித முத்திரையும் சரியாகவே பொருந்தும்; அது உள்ளே வந்ததைத்தான் சோதிக்கும், வந்த வழியை அல்ல. பேண்ட்கேம்ப் கலைஞர்களிடம் இழப்பில்லாக் கோப்பைத்தான் கேட்டு வாங்குகிறது, ஆனால் அந்தக் கோப்புக்கு முந்தைய பிறவி என்னவென்று கோப்பின் வகை சொல்லாது. ஸ்பெக் போன்ற ஒரு சிறு மென்பொருளில் பாட்டைத் திறந்து அலைவரிசைப் படத்தைப் பாருங்கள். மேலே மெல்ல மெல்ல மங்குவதற்குப் பதில் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டினாற்போல் பாட்டு முழுக்க ஒரே கோட்டில் நின்றுவிட்டால், பெரும்பாலும் அது 128 கிலோபிட் எம்பி3 வழியாக வந்தது. பழைய ஒலிநாடாவிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ எடுத்த பதிவுகளில் மேல் அலைவரிசைகள் இயல்பாகவே குறைந்திருக்கும். அங்கே வெட்டு இவ்வளவு நேராக இருக்காது. நேராக இருந்தால், படத்தோடு சேர்த்துக் கடைக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.