பட்டினியில் ஒரு நுண்ணுயிரியின் கணக்கு

பற்றாக்குறையிலிருந்துதான் பொருளாதாரம் தொடங்குகிறது என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் சொல்லி வந்தவன் நான். பணி ஓய்வுக்குப் பின் உயிரியல் நூல்களைப் புரட்டியபோது, மூளையே இல்லாத ஓர் உயிர் அந்தப் பாடத்தை வாழ்ந்து காட்டுவதைக் கண்டேன்.

மண்ணில் வாழும் 'பேசில்லஸ் சப்டிலிஸ்' என்ற பாக்டீரியாதான் அது. உணவு தீர்ந்தால் வித்தாக மாறி உறங்கிவிடும். கொதிநீரையும் தாங்கும் இவ்வித்துகளை ஜெர்மானிய அறிஞர் ஃபெர்டினாண்ட் கோன் 1876-இல் விவரித்தார். வித்தாவதற்குப் பல மணி நேரம் ஆகும். ஒரு கட்டத்தைக் கடந்தால் திரும்ப இயலாது. அதற்குள் உணவு கிடைத்துவிட்டால், காத்திருந்த அண்டை உயிரணுக்கள் பெருகி முந்திவிடும். அவசரப்பட்டால் நட்டம், தாமதித்தால் மரணம்.

இந்த முடிவு 'ஸ்போ0ஏ' என்ற புரதத்தின் கையில் இருக்கிறது. பாஸ்பேட் ஏறினால்தான் அது செயல்படும். அந்தப் பாஸ்பேட்டோ நேரடியாக வருவதில்லை. கைனேஸ் புரதத்திலிருந்து ஸ்போ0எஃப், ஸ்போ0பி எனக் கைமாறி வந்து சேர்கிறது. வழியில் அதைப் பறித்துவிடும் புரதங்களும் உண்டு. கோப்பு பல மேசைகளைக் கடப்பதை நாம் குறை சொல்வோம். இங்கே அந்தத் தாமதமே பாதுகாப்பு.

செயலூக்கம் பெற்ற ஸ்போ0ஏ சிறிதளவே இருக்கும்போது நடப்பது திகைக்க வைக்கிறது. அந்த நிலையை எட்டிய உயிரணுக்கள் நஞ்சைச் சுரந்து, எட்டாத உடன்பிறப்புகளைக் கொல்கின்றன. வெளிப்படும் சத்தை உண்டு, வித்தாவதை ஒத்திப்போடுகின்றன. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2003-இல் இதை வெளியிட்டார்கள். தன்னலத்துக்குச் சான்றாக இதை என் துறையினர் சிலர் காட்டக்கூடும். நான் உடன்படமாட்டேன். ஏனெனில் அடுத்த கட்டம் நேர்மாறானது.

ஸ்போ0ஏ-யின் அளவு மேலும் உயர்ந்ததும் உயிரணு சமமற்ற இரு பகுதிகளாகப் பிரிகிறது. இரண்டிலும் ஒரே டிஎன்ஏதான். ஆனால், எந்த மரபணுக்கள் வாசிக்கப்பட வேண்டும் என்பதைச் சிறிய பகுதியில் சிக்மா-எஃப் புரதமும், பெரிய பகுதியில் சிக்மா-ஈ புரதமும் முதலில் தீர்மானிக்கின்றன. சிறியது வித்தாகிறது. பெரியது தாய்; வித்தை விழுங்கி, உறைமேல் உறையிட்டு, இறுதியில் தான் வெடித்து அழிகிறது.

மண்ணில் கிடக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு ஏன் பொதுப்பணம் என்று கேட்பவர்கள் உண்டு. ஆந்த்ராக்ஸ் கிருமி இதன் நெருங்கிய உறவு. அதுவும் ஸ்போ0ஏ-யைக் கொண்டே வித்தாகிறது. அந்த வித்து பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, பின்னொரு நாள் அங்கே மேய வரும் மாட்டைக் கொல்ல வல்லது.