எடுத்த சபதம் ஏன் நிலைப்பதில்லை?

"இந்த மாதம் முதல் ஐம்பது வெள்ளியாவது மிச்சம் பிடித்தே தீருவேன்!"

பந்திங் வட்டாரத் தோட்டங்களில் சம்பள நாளன்று இப்படிச் சபதம் செய்யாத தாய்மார்கள் குறைவு. "இனிக் குடியைத் தொடமாட்டேன்" என்று பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்லும் தந்தைமாரும் உண்டு. பத்து நாள் போனால் சேமிப்பும் இல்லை, சபதமும் இல்லை! 'ஆரம்ப சூரர்' என்று ஊர் சிரிக்கிறது. "எனக்கு மன உறுதி போதாது" என்று நாமும் நம்மையே நொந்துகொள்கிறோம்.

குறை மன உறுதியில்தானா? சற்றே சிந்தித்துப் பாருங்கள். அதே மனிதர் தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்துகொண்டால், நாள் தவறாமல் விரதம் காத்துத்தானே பத்துமலைப் படியேறுகிறார்? அங்கே நாள் குறித்தாகிவிட்டது. செய்ய வேண்டியது என்னவென்று தெரியும். வீடே துணை நிற்கிறது. 'சேமிப்பேன்' என்ற சபதத்துக்கோ நாளும் இல்லை, துணையும் இல்லை.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 1965-இல் வெளியாயிற்று. இசிவு நோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி மாணவர்களுக்கு எச்சரிக்கை தந்தார்கள். எச்சரிக்கையை மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்கு 3 பேரே ஊசி போட்டுக்கொண்டனர். மருத்துவ நிலையத்துக்கு வழிகாட்டும் படம் கொடுத்து, "எப்பொழுது போவீர்கள்? திட்டமிடுங்கள்" என்று சொல்லப்பட்டவர்களில் 28 பேர் போட்டுக்கொண்டனர். அறிவுரை ஒன்றுதான், நாளும் வழியும் சேர்ந்ததே வித்தியாசம்.

லண்டனில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2010-இல் அச்சேறியது. ஒரு செயல் பழக்கமாகச் சராசரி 66 நாள் பிடிக்கிறதாம். இடையில் ஒரு நாள் தவறினால் கெட்டுப்போவதில்லை என்பதும் அதில் கண்ட உண்மை. நாமோ ஒரு நாள் தவறியதும், "போச்சு!" என்று கைவிட்டுவிடுகிறோம்.

பத்து வெள்ளியின் கதை

நம் வீட்டுக் கதையே ஒன்றுண்டு. ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தனர். 1960-இல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவு சங்கம் பிறந்தது. "தோட்டம் வாங்குவோம்" என்று முழங்கியதோடு அவர் நின்றிருந்தால் அதுவும் வெறும் சபதமாகவே போயிருக்கும். தோட்டந்தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்க்க வழி செய்தார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர் சொத்தாயிற்று!

நாம் செய்யக்கூடியது

'நிறையச் சேமிப்பேன்' என்னாதீர்கள். 'சம்பள நாளன்று, மளிகைக் கடைக்குப் போகுமுன், இருபது வெள்ளியை மகள் பெயரில் வங்கியில் போடுவேன்' என்று சொல்லுங்கள். வருமானம் பற்றாத வீடா? ஐந்து வெள்ளியில் தொடங்குங்கள். குடியை விட நினைப்பவர், மாலை ஐந்து மணிக்கு எங்கே இருப்பது என்பதைக் காலையிலேயே மனைவியிடம் சொல்லிவிடட்டும்.

ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் தொடருங்கள். சபதம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அதற்கென்று ஒரு நாள் இருந்தால் போதும்.